படகு நேரம் தெரியாத செயலி

நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பேருந்து. எழுவைதீவு, அனலைதீவு மக்களும் கடல் தாண்டித்தான் ஊர்காவற்றுறைத் துறைக்கு வரவேண்டும். கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. இதை அறியாதவர் செய்த செயலி காலை ஏழரைக்குக் கிளினிக் நேரம் கொடுத்தால், தீவு நோயாளிக்கு அதனால் என்ன பயன்?

அரச வைத்தியசாலைகளில் நோயாளர் பதிவு கொப்பியிலிருந்து கணினிக்கு மாறி வருகிறது. நல்ல மாற்றம்தான். முறையாக அமைந்தால் வீண் அலைச்சல் குறையும். ஆனால் நோயாளரைக் கேளாமல் அமைத்தால் பாதிப்பும் அவர்களுக்கே.

எங்கே ஆபத்து?

பல வீடுகளில் ஒரே கைபேசிதான். மனநல மருந்து பற்றியோ கர்ப்பப் பரிசோதனை பற்றியோ வரும் குறுஞ்செய்தியை முதலில் படிப்பவர் வேறொருவராக இருக்கலாம். தமிழில் இல்லாத திரை முதியவரைப் பிறர் கையை எதிர்பார்க்க வைக்கும்; கடவுச்சொல்லும் கைமாறும். கைபேசியே இல்லாதவர் வரிசையில் பின்தள்ளப்படுவார்.

உங்கள் உரிமை

சுகாதார சேவையைத் திட்டமிடுவதில் பங்கேற்பது மக்களின் உரிமையும் கடமையும் என்று 1978ஆம் ஆண்டின் அல்மா ஆட்டா பிரகடனம் கூறுகிறது. தமிழ் இலங்கையின் அரசகரும மொழி. வடக்கு, கிழக்கில் நிர்வாக மொழியும்கூட. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைச் சிறப்புப் பாதுகாப்புக்கு உரியதாக வகுத்துள்ளது. அதன் பகுதிகள் கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வருபவை. தகவல் அறியும் உரிமைக்கான 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டமோ இன்றே உங்கள் கையில் இருக்கிறது.

என்ன செய்யலாம்?

புதிய முறை வரும்போது, யார் யாரைக் கேட்டு அமைத்தார்கள், நோயாளர் தகவல் எங்கே சேமிக்கப்படுகிறது, யார் பார்க்கலாம் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். எழுத முடியாதவர் வாய்மொழியாகவும் கேட்கலாம். 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. அதன்பின் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு. தமிழ் புறக்கணிக்கப்பட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம்.

குறுஞ்செய்தியில் நோயின் பெயர் வேண்டாம், கொப்பியும் நேரடிப் பதிவும் தொடரவேண்டும் என்று கோருங்கள். நோயாளர் நலன்புரிச் சங்கம் இருக்கும் இடத்தில் அதனூடாகக் கேளுங்கள். ஒரு முதியவர், ஒரு கர்ப்பிணித் தாய், ஒரு கடற்றொழிலாளி, பார்வை குறைந்த ஒருவர்: இவர்கள் துறைமுகத்திலேயே பயன்படுத்திப் பார்த்த பிறகே எந்தச் செயலியும் நடைமுறைக்கு வரட்டும்.

அடுத்த கிளினிக் நாளில் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: “இதை அமைக்கும்போது தீவு நோயாளர் எவரைக் கேட்டீர்கள்?”