தோலில் ஒட்டிய பசை



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. சுண்டுவிரல் அளவுள்ள ஒரு குழாய்க்குள் அடங்கிவிடுவது. ஆயினும் அதனால் ஒரு குடும்பம் ஒரு வார வருவாயை இழந்ததை அறிந்தவன் என்ற முறையில், அதைப்பற்றிப் பேசுவது தகும் எனக் கருதுகிறேன்.

பண்டாரவளையை அடுத்த தோட்டமொன்றின் லயத்தில் வாழும் தாய் ஒருத்தி, மகனுடைய பாடசாலைச் சப்பாத்தின் அடி பிரிந்திருப்பதைக் கண்டாள். விடிந்தால் அவன் பாடசாலைக்குப் போகவேண்டுமே என்று, கடையில் 'சூப்பர் க்ளூ' வாங்கி ஒட்டினாள். சப்பாத்து ஒட்டியது, அவளுடைய வலக்கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அயலார் ஆளுக்கொரு யோசனை கூறினர். ஒருவர் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தார், பயனில்லை. மற்றொருவர் விரல்களைப் பற்றி வலிந்து இழுத்தார். விரல்கள் பிரிந்தன, தோலும் உரிந்து வந்தது. கொழுந்து கிள்ளுவது அவ்விரு விரல்களால் அன்றோ? ஒரு வாரம் அவளால் மலைக்குப் போக இயலவில்லை.

அந்த மாணவன் வந்து இதைச் சொன்னபோது எனக்கு வருத்தம் ஒருபுறம், வெட்கம் மறுபுறம். நான் கலைப் பட்டதாரி. விஞ்ஞானம் என் துறையன்று. எனினும் இத்தனை ஆண்டு பாடசாலையில் இருந்தும் இச்சிறு செய்தியைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவில்லையே என்று எண்ணினேன். பின்பு கேட்டும் படித்தும் அறிந்தவற்றையே இங்கு கூறுகிறேன்.

பசைகள் எல்லாம் ஓரினமல்ல. எனவே அவற்றை நீக்கும் வழியும் ஒன்றல்ல. அரிசிமாவையோ கோதுமை மாவையோ காய்ச்சிய பசை நீரில் பிறந்தது, நீரிலேயே கரையும். பலாக்காயின் பால் அப்படியன்று. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அது கையைவிட்டுப் போகாது. தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்தால் இளகிவிடும். அதனாலன்றோ நம் வீட்டுப் பெண்கள் பலாக்காய் வெட்டுமுன் கத்திக்கும் கைக்கும் எண்ணெய் பூசிக்கொள்கின்றனர்? எதில் எது கரையும் என்பதை அறிந்தால், பலம் வேண்டியதில்லை என்பதே இதன் கருத்து.

இனி, அந்தச் சிறு குழாயிலுள்ள பசைக்கு வருவோம். அதன் விஞ்ஞானப் பெயர் சயனோஅக்கிரிலேற்று. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் ஹரி கூவர் என்னும் விஞ்ஞானி, துப்பாக்கியின் குறிகாட்டிக்கேற்ற தெளிந்த பிளாஸ்டிக்கைத் தேடுகையில் இதைக் கண்டார். தொட்டதையெல்லாம் ஒட்டுகிறது என்று வெறுத்து ஒதுக்கினார். 1951இல் அவருடன் பணியாற்றிய பிரெட் ஜோய்னர் என்பவர் இதனை ஒரு கருவியில் வைத்துச் சோதித்தபோது, அக்கருவியின் விலையுயர்ந்த கண்ணாடிப் பட்டகங்கள் இரண்டும் ஒட்டிக்கொண்டன. அப்போதுதான் இக்குறையே இதன் பயன் என்பது விளங்கிற்று. 1958இல் இது விற்பனைக்கு வந்தது.

மற்றப் பசைகள் பல உலர்ந்து இறுகும். இதுவோ ஈரம் பட்டு இறுகும். காற்றிலுள்ள ஈரமும் தோலிலுள்ள வியர்வையுமே போதும். சில வினாடிகளில் கல்லாகிவிடும். ஆகவேதான் விரல்களை இவ்வளவு விரைவாகப் பிணைக்கிறது. எனினும் அஞ்சவேண்டியதில்லை. நம் மேற்தோல் நாள்தோறும் சிறிது சிறிதாக உதிர்ந்து புதுப்பிக்கப்படுவது. ஒன்றும் செய்யாது விட்டாலும் சில நாட்களில் பசை தோலோடு உதிர்ந்துவிடும். நாம் செய்வதெல்லாம் அதை விரைவுபடுத்துவதே.

விரல்கள் ஒட்டிக்கொண்டால் முதலாவதாக, இழுக்காதீர்கள். பொறுக்கக்கூடிய இளஞ்சூட்டு நீரில் சவர்க்காரத்தைக் கரைத்து, கையைப் பத்துப் பதினைந்து நிமிடம் அமிழ்த்தி வையுங்கள். பின்பு, நேராகப் பிரிக்காமல், பென்சிலை உருட்டுவதுபோல் ஒரு விரலை மற்றதன்மீது மெல்ல உருட்டுங்கள். ஓரம் விடுபட்டால், கரண்டிக் காம்பு போன்ற மொட்டையான ஒன்றை இடையில் செலுத்தலாம். பிளேட்டும் கத்தியும் வேண்டா. ஒருமுறையில் பிரியாவிட்டால் மீண்டும் ஊறவையுங்கள். தேங்காய் எண்ணெய் சிறிது தடவுவதும் உதவும்.

அதற்கும் இணங்காவிட்டால், நகப்பூச்சை அகற்றும் திரவம் உண்டு. அதில் அசற்றோன் இருந்தால் இப்பசை இளகும். அசற்றோன் சேராத வகையும் விற்பனையாவதால் போத்தலின் எழுத்தைப் படித்துப் பாருங்கள். ஆனால் அது எளிதில் தீப்பற்றும். அடுப்பும் விளக்கும் எரியும் சிறு காம்பராவில் அதைத் திறத்தல் ஆகாது. வெளியே, காற்றோட்டமுள்ள இடத்தில், சிறிதளவே பயன்படுத்துக. புண்ணிலும் முகத்திலும் படலாகாது. சிறு பிள்ளைகளுக்கும் வேண்டா. பின்பு கையைக் கழுவி எண்ணெய் பூசிவிடுங்கள். மண்ணெண்ணெயும் பெற்றோலும் இப்பசையைக் கரைப்பதில்லை. தோலைப் புண்ணாக்கும், தீயை வரவழைக்கும், அவ்வளவே.

பலரும் அறியாத செய்தி ஒன்று. இறுகாத பசை பருத்தித் துணியிலோ கம்பளியிலோ மிகுதியாகப் பட்டால் திடீரெனச் சூடேறும். தோல் வெந்துபோகவும் கூடும். ஆகவே சிந்திய பசையைப் பஞ்சாலோ பழந்துணியாலோ துடைக்காதீர்கள். உடையில் சிந்தினால் உடனே தண்ணீரை நிறைய ஊற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியை இழுக்காதீர்கள்.

கண்ணில் பட்டால் வீட்டு வைத்தியம் ஏதும் செய்தல் கூடாது. இளஞ்சூட்டு நீரால் கழுவி, இமைகளைப் பிரிக்க முயலாது, ஈரத் துணியால் மூடி, வைத்தியசாலைக்கு விரையுங்கள். அசற்றோன் கண்ணருகே வரவே கூடாது. போக்குவரத்து அரிதான தோட்டங்களில் உள்ளோர் 1990 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வண்டியைக் கோரலாம். கண்மருந்துக் குப்பியையும் பசைக் குழாயையும் ஒரே இடத்தில் வைத்து, மாறி எடுத்துக் கண்ணில் விட்டவர்கள் பல நாடுகளிலும் உண்டு. இரண்டையும் வேறு வேறு இடத்தில், பிள்ளைகளுக்கு எட்டாதபடி வையுங்கள்.

அந்தத் தாயின் விரல்கள் ஆறிவிட்டன. மீண்டும் கொழுந்து பறிக்கிறாள். இளஞ்சூட்டு நீரும் சவர்க்காரமும் அன்றே அவள் வீட்டில் இருந்தன. இல்லாதிருந்தது கால்மணி நேரப் பொறுமையும், சொல்லித்தர ஒருவருமே. இன்று நீங்கள் கேட்டதை அயல் வீட்டாருக்கும் சொல்லுங்கள்.