குறை சொன்னால் கருவி திருந்துமா?

ரெட்டியார்பாளையத்தில் ஒரு வீட்டில் இணையம் வழியாகப் புது மிக்ஸி வாங்கியதாக வைத்துக்கொள்வோம். சில நாட்களில் அது நின்றுவிட்டது. அவ்வீட்டு மாணவி, “மோசம்” என்று எழுதி, ஐந்துக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்தாள். இது மிக்ஸியை வடிவமைப்பவருக்கு உதவுமா?

உதவாது. வாங்கியவருக்குக் கோபம் என்பது மட்டுமே தெரியும். “ஜார் நிறைய உளுந்து போட்டோம், மாவு கெட்டி, நான்கு நிமிடம் ஓடியது, தீய்ந்த வாடை வந்து நின்றது” என்று எழுதியிருந்தால் நிச்சயம் உதவும். எப்படி?

மோட்டார் சுழலும்போது அதன் சுருளில் ஓர் எதிர் மின்னழுத்தம் தோன்றி, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. கெட்டி மாவு வேகத்தைக் குறைத்தால் எதிர் மின்னழுத்தமும் குறையும், மின்னோட்டம் ஏறும். மின்னோட்டம் இரு மடங்கானால் சுருளில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும். கம்பியின் மேற்பூச்சு கருகிவிடும். ஆகவே மோட்டாரின் திறனையும் காற்றோட்டத்தையும் சோதிக்க வேண்டும் என்று அந்தச் சில சொற்கள் காட்டிவிடுகின்றன.

இப்படி ஒரு குறையிலிருந்து பிறந்த கருவி நம் நாட்டிலேயே உண்டு. 1960-களில் பம்பாயில் மாதுரி மாத்தூர் வைத்திருந்த ஜெர்மன் மிக்ஸி, நம் சமையலுக்கு அரைத்துப் பழுதாயிற்று. அவருடைய கணவர் சத்யபிரகாஷ் மாத்தூர் ஒரு பொறியாளர். நம் மசாலாவையும் மாவையும் தாங்கும் வலிய மோட்டாருடன் அவர் உருவாக்கியதே ‘சுமீத்’ மிக்ஸி.

ஆனால் ஓர் எச்சரிக்கை. நூறு பேர் வாங்கி, ஐந்து பேர் மட்டும் கருத்து எழுதி, அவர்களில் நால்வர் குறை கூறினால், நூற்றுக்கு எண்பது மிக்ஸி பழுது என்று கொள்ளலாமா? கூடாது. மிக மகிழ்ந்தவரும் மிகச் சினந்தவருமே பெரும்பாலும் எழுதுவர், மற்றவர் பேசாதிருப்பர். காசுக்கு எழுதும் பொய்க் கருத்துகளும் உண்டு. அதனால்தான் இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022-இல், இணையக் கருத்துகளைத் திரட்டி வெளியிடுவதற்கென்றே ஐ.எஸ். 19000 என்ற தர விதியை வகுத்தது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். பல வீடுகளில் கைப்பேசியில் கருத்து எழுதுபவர் ஒருவர். நாள்தோறும் மாவு அரைப்பவர் வேறொருவர். அரைப்பவரின் அனுபவம் வடிவமைப்பாளரை எட்டுவதே இல்லை. அடுத்த முறை நீங்கள் எழுதுமுன் அம்மாவிடமோ பாட்டியிடமோ கேளுங்கள். என்ன அரைத்தார்கள், எவ்வளவு, எத்தனை நிமிடம், என்ன நடந்தது? இந்த நான்கையும் எழுதுங்கள். நட்சத்திரம் சொல்லாததை அவை சொல்லும்.