பார்... பார்த்துப் போங்க!

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி அடித்தால் ஏனாத்தூர் இளைஞனுக்கு ஒரே ஒரு தத்துவக் கேள்விதான்: "மச்சி, எங்கே உட்காரலாம்?"

காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவை எடுக்க வருகிறவர்கள் பத்துக் கடை ஏறி இறங்கி, ஜரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகே பர்ஸைத் திறக்கிறார்கள். நம்ம பசங்களோ, முதலில் கண்ணில் பட்ட போர்டுக்குக் கீழே வண்டியை நிறுத்திவிடுகிறார்கள். 'குடிங்க' என்று சொல்ல இதை எழுதவில்லை. போவது என்று முடிவாகிவிட்டால் எங்கே போவது என்பதற்குத்தான் இந்த வழிகாட்டி. (சட்டப்படி 21 வயது ஆகாத தம்பிகள் அடுத்த பக்கத்துக்குப் போகவும்!)

உள்ளூர்

கோயில், கல்விக்கூடங்களிலிருந்து நகரத்தில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளித்தான் டாஸ்மாக் கடை இருக்கவேண்டும். காஞ்சியில் ஒரு கோயிலிலிருந்து 50 மீட்டர் அளந்தால் அடுத்த கோயில் வாசலில் நிற்போம். ஏனாத்தூரிலோ பல்கலைக்கழகமே இருக்கிறது. இதற்கு நடுவிலும் இடம் கண்டுபிடித்தவரின் டேப்புக்கு ஒரு சல்யூட்!

அதுவும் இது அண்ணா பிறந்த ஊர். 1967-ல் முதல்வரான பிறகும் மதுவிலக்கைத் தளர்த்த மறுத்தவர் அவர். 1971-ல் அது தளர்ந்தது, 1974-ல் இறுகியது, 1981-ல் மறுபடி தளர்ந்தது. 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 2003 நவம்பரிலிருந்து சில்லறை வியாபாரமும் அதன் கைக்கே வந்துவிட்டது.

டாஸ்மாக் பாரில் ஒரு வேடிக்கை உண்டு. அங்கே சரக்கு விற்கக்கூடாது! சரக்கை கடை கவுன்ட்டரில்தான் வாங்கவேண்டும். பாரை ஏலம் எடுத்தவருக்கு உரிமை தின்பண்டத்துக்கும் காலி பாட்டிலுக்கும்தான். ஆகவே நாம் ஆராய வேண்டியது குவார்ட்டரை அல்ல, சுண்டலை. முதலில் கை கழுவும் இடத்தை ஒரு நோட்டம் விடுங்க. அப்புறமும் தைரியம் இருந்தால் ஆம்லெட் சொல்லுங்க.

சென்னை

சுமார் 75 கிலோமீட்டர். ஏ.சி., சோபா, மங்கலான வெளிச்சம். (மெனுவில் விலை தெரியக்கூடாது இல்லையா!) வாசனின் ஜெமினி ஸ்டுடியோ இருந்த இடத்தில் 2002-ல் வந்த பார்க் ஹோட்டலில் 'லெதர் பார்' என்றே ஒன்று திறந்தார்கள். இங்கெல்லாம் 30 மில்லி ஸ்மால், 60 மில்லி லார்ஜ் என்று அளந்து ஊற்றுவார்கள். பில்லில் சாப்பாட்டுக்கு ஜி.எஸ்.டி., சரக்குக்கு வாட் என்று இரண்டு வரி. இரண்டையும் படித்ததும் ஏறின போதை தானாக இறங்கிவிடும்.

பாண்டிச்சேரி

சுமார் 110 கிலோமீட்டர். தனி யூனியன் பிரதேசம், தனி வரி. விலை குறைவுதான். ஆனால் பீரில் மிச்சம் பிடித்ததை பெட்ரோலில் விட்டுவிடுவோம். வரும்போது பாட்டிலையும் கூட்டிக்கொண்டு வந்தால், சோதனைச் சாவடியில் போலீஸ்காரரின் அன்பான வரவேற்பு வேறு!

திரும்புகிற வழி

மூன்றுக்கும் மார்க் போடும்போது நாம் விட்டுவிடுகிற பாடம் ஒன்று உண்டு. ராத்திரி எப்படித் திரும்புவது?

நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. தமிழ்நாட்டில் மட்டும் 3,000-க்கும் மேற்பட்ட கடைகளை மூட வேண்டியதாயிற்று. நகர எல்லைக்குள் இந்த விதி பொருந்தாது என்று 2017-ல் விளக்கமும் வந்தது. கடை நகர்ந்ததே தவிர, நம்ம பைக் இன்னும் அதே ரோட்டில்தான் ஓடுகிறது. எங்கள் செட்டில் ஐந்து பேர் இருந்தோம். பெங்களூர் ஹைவேயில் ஒரு சனிக்கிழமை ராத்திரிக்குப் பிறகு நாலு பேர். அவன் குடித்தது அதிகமில்லை, ஒரு கட்டிங்தான்.

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை ஜெயில், சில சமயம் இரண்டுமே. சைடு டிஷ்ஷோடு கணக்குப் போட்டால் எந்த ஸ்டார் ஹோட்டலும் இவ்வளவு காஸ்ட்லி இல்லை!

ஆக, வீட்டுக்கு நடந்தே போகக்கூடிய பார்தான் ஃபர்ஸ்ட் கிளாஸ். பஸ், ரயில், ஆட்டோ கிடைக்கும் நேரத்துக்குள் கிளம்ப முடிகிற பார் செகண்ட் கிளாஸ். இரண்டும் இல்லையா? செட்டில் ஒருவர் லைம் சோடாவோடு நிறுத்திக்கொள்ளட்டும், சாவி அவரிடமே இருக்கட்டும். சில்லி சிக்கனில் பெரிய பங்கு அவருக்குத்தான்.

அவரை யாரும் கிண்டல் பண்ணாதீங்க சார். அன்றைக்கு ராத்திரி நாலு வீட்டு அம்மாக்கள் நிம்மதியாகத் தூங்குவது அவர் புண்ணியத்தில்தான்!