அணையாத பிரேக் விளக்கு: காரணம் அறியும் முறை

ஆனைமலைப் பிரதேசத்துத் தென்னந்தோப்புக்காரர்களுக்கு மோட்டார் வண்டி இக்காலத்தில் ஆடம்பரப் பொருளன்று. முன்னாளில் இரட்டை மாட்டு வண்டி செய்த வேலையைக் காரும் சிறு சரக்கு வண்டியுமே செய்துவருகின்றன. தேங்காய் பொள்ளாச்சிக்குப் போவதும், உரம் தோட்டத்துச் சாளைக்கு வருவதும், குடும்பத்தார் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் செல்வதும் இவற்றினாலேயே. மாட்டின் லாடம் தேய்ந்திருக்கிறதா என்று அடிக்கடி குனிந்து பார்த்த நம்மவர், வண்டியின் பிரேக்கை அவ்வாறு பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய வேளை வந்ததென்று வண்டியே தெரிவிக்கும் அடையாளம் ஒன்று உண்டு. டிரைவருக்கு எதிரே, வட்டத்துக்குள் ஆச்சரியக்குறியுடன் எரியும் சிவப்பு விளக்கே அது.

விளக்கின் பயன்

காலால் மிதிக்கும் விசையைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்வது பிரேக் ஆயில். ஆதியில் ஒரே வழியாக ஆயில் சென்றமையால், ஓரிடத்தில் குழாய் விட்டுப்போனால் பிரேக் முழுவதும் இழக்கப்பட்டது. பின்னர் அவ்வழி இரண்டாகப் பிரிக்கப்பட்டது. அமெரிக்காவில் 1968-ஆம் வருஷம் முதல் புதிய கார்களுக்கு இவ்விரட்டை அமைப்பும் எச்சரிக்கை விளக்கும் சட்டப்படி அவசியமாயின. இரண்டில் ஒரு வழி கெட்டாலும் மற்றொன்று வண்டியை ஒருவாறு நிறுத்தும். ஆகையால் பிரேக் பாதியாய்க் குறைந்திருப்பதை மெதுவாய் ஓட்டுகிறவர் உணராமலும் இருக்கக்கூடும். அந்நிலையில் உண்மை உரைக்கும் சாக்ஷி இவ்விளக்கே.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் மலைச்சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவற்றில் திரும்புகையில் மட்டும் விளக்கு மினுக்கி, நேர்ச்சாலையில் அணைந்துவிடுவது உண்டு. ஒயரில் ஏதோ கோளாறு என்று இதனை ஒதுக்கலாகாது. ஆயில் கலத்தில் மட்டம் அடிக்குறியை நெருங்கியிருந்தால், வளைவில் ஆயில் ஒருபுறம் சாய, உள்ளிருக்கும் மிதவை தாழ்ந்து விளக்கு எரியும். சமவெளிக்கு வந்ததும் அது அணைவது கேடு நீங்கியதற்கு அடையாளமன்று. கவனியாது விட்டால் நாளடைவில் எங்கும் அணையாது எரியும்.

சோதிக்க வேண்டிய வரிசை

1. வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சாவியைத் திருப்புக. விளக்கு எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கிக் கைப்பிரேக்கும் விடப்பட்டபின் அணைய வேண்டும். ஆரம்பத்திலேயே எரியாவிடில் விளக்கே கெட்டிருக்கலாம், அதுவும் அபாயமே.

2. கைப்பிரேக்கை ஒருமுறை நன்றாக இழுத்து முழுதும் இறக்குக. அதன் அடியிலுள்ள சிறு ஸ்விட்சில் மண்ணும் தேங்காய் நாரும் சேர்ந்து, இறக்கிய பின்னரும் விளக்கை எரியவைப்பதுண்டு. தூசி நீக்கியதும் அணைந்தால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை. கம்பி இறுகிக் கைப்பிரேக் முழுதும் விடுபடாதிருந்தால், சிறிது தூரம் ஓடியதும் பின்சக்கரம் சூடேறும்.

3. பானெட்டைத் திறந்து ஆயில் கலத்தைப் பார்க்க. அதன்மேல் மேற்குறி, அடிக்குறி என இரண்டு குறிகள் உள. மட்டம் சரியாயிருந்தும் விளக்கு எரியின், மிதவை ஆயிலில் ஊறி அமிழ்ந்திருக்கலாம். கலத்தில் சேரும் ஒயர் இணைப்பைக் கழற்றியதும் விளக்கு அணையுமாயின், பெரும்பாலான வண்டிகளில் குற்றம் மிதவையினுடையதே.

4. மட்டம் தாழ்ந்திருந்தால் அதற்குக் காரணம் இரண்டே: தேய்வு அல்லது கசிவு. பிரேக் பேட் தேயத்தேய அதனைத் தள்ளும் உருளை முன்னே வந்து, தான் விட்ட இடத்தை ஆயிலால் நிரப்பிக்கொள்ளும். ஒரு துளியும் சிந்தாமலே கலத்தில் மட்டம் மெல்ல இறங்குவது இதனாலேதான். பேட்டின் கனம் 3 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்றுதல் நலம். மட்டம் விரைவாய் இறங்கினாலோ கசிவென்றே கொள்க. சக்கரங்களின் உட்புறம், பின் டிரம்களின் அடி, ரப்பர் குழாய்கள், மிதியின் மேற்புறம் ஆகிய இடங்களில் ஈரம் உண்டா என்று தடவிப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடுகையில் மிதியை ஒரே விசையாய் அழுத்தி வைத்திருக்க, அது மெல்ல மெல்லத் தாழுமாயின் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் கெட்டது. அவ்வண்டியை ஓட்டிச் செல்லாது, மெக்கானிக்கை இருக்குமிடத்துக்கே அழைப்பதே விவேகம்.

5. சிவப்பு விளக்குடன் ஏபிஎஸ் என்னும் மஞ்சள் விளக்கும் எரிகிறதா என்று காண்க. 2019-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் நம் தேசத்தில் புதிய கார்களுக்கு இவ்வமைப்பு கட்டாயமாயிற்று. மஞ்சள் மட்டும் எரியின் சாதாரண பிரேக் வேலை செய்யும். இரண்டும் சேர்ந்து எரியின், முன்பின் சக்கரங்களுக்கு விசையைப் பங்கிடும் ஏற்பாடும் நின்றிருக்கலாம். பலமாய் மிதித்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கக்கூடும். இதனைக் கருவி கொண்டு சோதிக்கும் பட்டறையிலேயே பார்க்க வேண்டும்.

செய்யலாகாதவை

விளக்கு எரிந்ததும் ஆயிலை ஊற்றி அணைத்துவிடுவது பலரிடம் காணப்படும் வழக்கம். இதனால் விளக்கு அணையுமேயன்றித் தேய்வும் கசிவும் நீங்கா. அடுத்த எச்சரிக்கை மலைச்சரிவில் வருமாயின் நஷ்டம் பணத்தோடு நிற்பதில்லை.

சாளையில் டிராக்டர் ஆயிலும் பிரேக் ஆயிலும் அருகருகே இருப்பதுண்டு. டிராக்டர் ஆயிலோ எஞ்சின் ஆயிலோ கார் பிரேக்கில் சிறிதளவு கலந்தாலும் உள்ளேயுள்ள ரப்பர்கள் ஊதிக் கெட்டுப்போம். ரப்பர்கள் யாவற்றையும் மாற்ற நேரிடும். கலத்தின் மூடியில் டாட் 3, டாட் 4 என்று குறித்திருக்கும் வகையையே, மூடி திறவாத புது டப்பியிலிருந்து ஊற்ற வேண்டும். திறந்து வைத்த டப்பியில் ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

இவ்வீரத்தை விளக்கு காட்டாது என்பதையும் அறிக. டாட் 3 வகைப் புது ஆயில் 205 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறைந்த சூட்டில் கொதித்தலாகாதென்பது விதி. ஈரமேறிய ஆயிலுக்கு அவ்வெல்லை 140 டிகிரியே. நீண்ட இறக்கத்தில் பிரேக்கையே மிதித்து வருகிறவருக்கு ஆயில் கொதித்து ஆவியாகி, மிதி பஞ்சுபோல் அமிழ்ந்து பிரேக் பிடியாமற் போகலாம். ஆகையால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலை முழுதும் மாற்றுவதும், இறக்கத்தில் சிறிய கியரிலேயே வருவதும் அவசியம்.

தோட்டக் கணக்குப் புத்தகத்தில் உரச்செலவு எழுதும் பக்கத்துக்கு எதிரே, பிரேக் ஆயில் ஊற்றிய தேதியையும் பேட் மாற்றிய தேதியையும் குறித்துவைப்பது நலம். ஒரு வருஷத்தில் இருமுறை ஊற்ற நேர்ந்ததாகக் குறிப்பு காட்டுமாயின், காரணம் தேடும்படி அதுவே நினைவூட்டும். சம்பளத்துக்கு டிரைவர் வைத்திருப்போர், விளக்கு எரிந்ததைச் சொல்லும் டிரைவரைக் கடிந்துகொள்ளாது, அன்றே வண்டியை நிறுத்திப் பார்க்க வேண்டும். கிராம அதிகாரிகளும் தம் ஊரில் ஆட்களை ஏற்றிச் செல்லும் சரக்கு வண்டிக்காரர்களிடம், ஆட்களை அவ்வாறு ஏற்றலாகாதென்று அறிவுறுத்துவதோடு, இவ்விளக்கைப் பற்றியும் எடுத்துச் சொல்வார்களாயின் பேருபகாரமாகும்.