முதியோர்க்குச் சிறுமனை

வையை ஆற்றின் வடகரையில் அமைந்தது செல்லூர். இன்று மதுரை மாநகரின் ஒரு பகுதியாக விளங்கும் இவ்வூர், கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்றது. வீடுதோறும் தறி ஒலித்த நாளில், கண் மங்கிய கிழவரும் அங்கு வேலையற்று இருந்ததில்லை. மகன் தறிக்குழியில் இறங்கி நெய்வான். தந்தை ஒருபுறம் அமர்ந்து இராட்டையில் தார் சுற்றுவார். அவர் சுற்றிய தார் சிறிது தளர்ந்திருக்கலாம். ஆயினும் தறிக்கு அது வேண்டியதே. முதுமைக்குச் சோறும் மருந்தும் மட்டும் போதா. தம்மாலும் ஒன்று ஆகும் என்னும் எண்ணமும் வேண்டும். அவ்வீடுகளில் இதனை எவரும் எடுத்துரைக்க வேண்டியிருந்ததில்லை.

பிள்ளைகள் வேலை நாடி வெளியூர் செல்லும் இக்காலத்தில், தனித்து நிற்கும் முதியோர் பலர். ஆதரவற்றாரைப் பேணுதல் மதுரைக்குப் புதிதன்று. மணிமேகலை கூறும் ஆபுத்திரன், இந்நகரில் சிந்தாதேவி கோயிலை அடுத்த அம்பலத்தில் தங்கினான். இரந்து பெற்ற உணவைக் குருடர்க்கும் முடவர்க்கும் நோயுற்றார்க்கும் முதலில் அளித்து, எஞ்சியதைத் தான் உண்டான். உண்கலமாகிய ஓட்டையே தலைக்கு அணையாக்கி அங்கேயே உறங்கினான். அவன் சோறிட்டதினும் பெரிது, அவ்விடத்தையே தன் இருப்பிடமாகவும் கொண்டது.

நடுவணரசு 2007ஆம் ஆண்டில் பெற்றோர், மூத்த குடிமக்கள் நலச் சட்டத்தை இயற்றியது. வறிய முதியோர்க்காக மாவட்டந்தோறும் 150 பேரேனும் தங்கத்தக்க இல்லம் அமைக்கலாம் என்பது அதன்கண் உள்ளது. நோக்கம் நன்றே. ஆயினும், நூற்றைம்பதின்மர் ஒரு கூரையின்கீழ் வாழுங்கால் வாழ்வை நடத்துவது மணியோசையே. மணி அடித்தால் எழுதல். மணி அடித்தால் உண்ணல். சர்க்கரை வேண்டுவார்க்கும் வேண்டாதார்க்கும் ஓர் அண்டாக் காப்பியே.

இக்குறையை அமெரிக்க மருத்துவர் பில் தாமஸ் என்பார் நன்கு உணர்ந்தார். 1991ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் முதியோர் காப்பகத்து மருத்துவராக இருந்த அவர், அங்குள்ளோரை வாட்டுவன தனிமை, இயலாமை உணர்வு, சலிப்பு ஆகிய மூன்றும் என்று கண்டார். பறவைகளையும் நாய் பூனைகளையும் செடிகளையும் காப்பகத்துள் கொணர்ந்தார். எழுந்து நடவாதிருந்தோரும் நாயை உலாவ அழைத்துச் செல்ல முன்வந்தனர். பின்னர், கட்டடத்தையே மாற்ற வேண்டும் என்று துணிந்தார். 2003இல் மிசிசிப்பி மாநிலத்து டூப்பலோ நகரில், வீட்டிற்குப் பத்துப் பேராகச் சிறு மனைகள் எழுந்தன. ஒவ்வொருவர்க்கும் தனியறை, நடுவே சமையலறை, எல்லாரும் கூடி உண்ண ஒரு நீண்ட மேசை. சமைப்போரும் துவைப்போரும் நீராட்டுவோரும் அங்கே ஒருவரே. ஆதலின், நேற்று நன்கு உண்டவர் இன்று உண்ணாதிருப்பின், அதனை அவர் உடனே அறிவார். 2020இல் கொரோனா பரவியபோது, பெரிய காப்பகங்களினும் இத்தகைய சிறு மனைகளில் நோயும் சாவும் குறைந்திருந்தன என ஆய்வாளர் கண்டனர்.

நம் நாட்டில் இம்முறை முதியோரிடமிருந்து அன்று, மனநோயுற்றோரிடமிருந்து வேர்கொண்டது. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் தப்ப இயலாது 28 பேர் மாண்டனர். சென்னையில் 1993இல் தோன்றிய 'பேனியன்' என்னும் தொண்டு நிறுவனம், மருத்துவமனைகளில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டோர்க்கு வேறொரு வழி கண்டது. சிற்றூர்களிலும் நகரங்களிலும் சாதாரணத் தெருக்களிலேயே வாடகை வீடுகள் அமர்த்தி, வீட்டிற்கு நால்வர் ஐவராக அவர்களைக் குடிவைத்தது. உதவிக்குப் பணியாளரையும் அமர்த்தியது. அவர்கள் தாமே கடைக்குச் செல்வர், விரும்பியதைச் சமைப்பர், அயல்வீட்டு விழாவிற்கும் போய்வருவர்.

சிறுமனைக்கு இடர்ப்பாடும் உண்டு. பத்துப் பேர் உள்ள வீடாயினும் இரவில் ஒருவர் விழித்திருத்தல் வேண்டும். அதனால் தலைக்கு ஆகும் செலவு கூடும். வீடு தர அஞ்சும் உரிமையாளரும் உளர். மூடிய கதவுக்குள் நிகழும் கொடுமை வெளியே தெரியாது போதலும் கூடும். அதற்கு அரசின் மேற்பார்வை இன்றியமையாதது. அயலாரின் போக்குவரவும் அதற்கு ஒரு காவலாகும். செல்லூர் போன்ற நெருங்கிய தெருவில், சுவரில் கைப்பிடிக் கம்பியும் வழுக்காத தரையும் அமைத்து, அண்மையில் உள்ள மருத்துவர் ஒருவரையும் ஏற்பாடு செய்துகொண்டால், ஒரு நெசவாளர் வீடே அதற்குப் போதுமானது. தெருவை நோக்கிய திண்ணையை மட்டும் இடித்துவிடாதிருத்தல் வேண்டும்.