பாம்புக்கடி மருந்து தூளாக இருப்பது ஏன்? புரதங்களை இயக்கும் நீர்

பாம்புக்கடிக்கான நஞ்சுமுறி மருந்து இந்தியாவில் உலர் தூளாகவும் விநியோகிக்கப்படுகிறது. புரதங்களுக்கும் நீருக்கும் உள்ள தொடர்பே இதற்குக் காரணம்.

குதிரையின் ரத்தத்திலிருந்து பெறப்படும் எதிர்ப்புப் புரதங்களே இம்மருந்து. புரதத்தின் பகுதிகள் ஓயாது மடங்கி விரிபவை. சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகள் இடம்பெயர்வதாலேயே இவ்வசைவுகள் சாத்தியமாகின்றன. நீர் அகன்றாலோ, சுமார் மைனஸ் 73 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்தாலோ, அவை பெரிதும் அடங்கிவிடும்.

அசைவு அடங்கிய புரதம் எளிதில் உருக்குலையாது. திரவ மருந்தை 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிரில் வைக்க வேண்டும். தூளுக்கு அந்தக் கட்டாயம் இல்லாததால், குளிர்பதன வசதி குறைந்த கிராமப்புறங்களிலும் இருப்பு வைக்கலாம்.

10 மில்லி லிட்டர் தூய நீர் சேர்த்ததும் புரதங்கள் மீண்டும் இயங்கி, நஞ்சைப் பற்றிச் செயலிழக்கச் செய்கின்றன. கரைக்கும்போது குப்பியை மெல்லச் சுழற்ற வேண்டும். குலுக்கினால் நுரைத்து, புரதம் சிதையக்கூடும்.