வெந்நீருக்கு எந்தக் குழாய்?

சென்ற ஆண்டு எங்கள் பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் சூரிய அடுப்பு போன்ற ஒரு வெந்நீர்க் கலத்தைப் பொருத்தினார்கள். அதிலிருந்து குளியலறைக்கு நீர் இறங்க, வீட்டில் மிச்சமிருந்த வெள்ளை பி.வி.சி. குழாயையே இணைத்துவிட்டார்கள். சித்திரை மாதம் ஒரு நண்பகலில் போய்ப் பார்த்தால், இரண்டு தாங்கிகளுக்கு நடுவே குழாய் தூளி போலத் தொங்கிக்கொண்டிருந்தது! மூட்டு ஒன்று வாய் பிளந்து, ஆவி பறக்கும் நீர் சுவரில் வழிந்தது. கீழே விளையாடும் பிள்ளைகள் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள், நல்ல காலம்.

குழாய் மட்டமானதன்று. அது இருக்க வேண்டிய இடந்தான் வேறு.

பி.வி.சி. என்பது பாலிவினைல் குளோரைடின் சுருக்கம். வினைல் குளோரைடு என்னும் சிறு மூலக்கூறுகள் ஆயிரம் அளவில் கைகோத்து நிற்கும் நீண்ட சங்கிலி அது. குளிர்ந்த நிலையில் இச்சங்கிலிகள் அசைய இடமின்றி இறுகிக் கிடக்கும். ஏறத்தாழ 80 டிகிரி செல்சியசில் ஒன்றின்மேல் ஒன்று நழுவத் தொடங்கும். அதுவரை முழு வலிமையோடு இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். அறை வெப்பநிலையில் தாங்கும் அழுத்தத்தில் ஏறக்குறையப் பாதியைத்தான் 43 டிகிரியில் அது தாங்கும். 60 டிகிரியில் கால் பங்குகூடத் தாங்காது.

இதே சங்கிலியில் இன்னும் கொஞ்சம் குளோரினை ஏற்றினால் என்ன ஆகும்? பி.வி.சி.யின் எடையில் சுமார் 57 விழுக்காடு குளோரின். அதை 63 முதல் 67 விழுக்காடு வரை உயர்த்தினால் சி.பி.வி.சி. கிடைக்கிறது. குளோரின் அணு பருமனானது. நெரிசலான பேருந்தில் மேலும் சிலர் பெரிய மூட்டைகளோடு ஏறினால் யாரும் நகர முடியாதல்லவா? அதுபோலச் சங்கிலிகள் நழுவ இன்னும் அதிக வெப்பம் தேவைப்படுகிறது. அதனால்தான் 82 டிகிரி வெந்நீரிலும் இக்குழாய் தன் வலிமையில் கால் பங்கை வைத்துக்கொண்டிருக்கிறது. வெந்நீருக்கு ஏற்றது இதுவே.

கறுப்பாகச் சுருள் சுருளாக விற்பது பாலித்தீன் குழாய். 1933-இல் இங்கிலாந்தில் வாயுக்களை உயர் அழுத்தத்துக்கு உட்படுத்தியபோது, எதிர்பாராமல் கிடைத்த மெழுகு போன்ற பொருள்தான் பாலித்தீன். குழாய்க்கு ஏற்ற அடர்த்தியான வகையைக் குறைந்த அழுத்தத்தில் செய்யும் வழியை 1953-இல் ஜெர்மனியில் கார்ல் சீக்லர் கண்டறிந்தார். கறுப்பு நிறம் அழகுக்காக அன்று. அதில் கலந்துள்ள கரித்தூள் வெயிலின் புற ஊதாக் கதிர்களை விழுங்கிக் குழாயைக் காக்கிறது.

எது எந்தக் குழாய் என்று ஐயமா? நிறத்தை நம்பாமல், குழாய்மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். அச்சு அழிந்திருந்தால் ஒரு துண்டை வாளி நீரில் போடுங்கள். பாலித்தீனின் அடர்த்தி 0.95, மிதக்கும். பி.வி.சி.யின் அடர்த்தி 1.4, மூழ்கும். எரித்துப் பார்த்துக் கண்டுபிடிக்கும் வழியும் உண்டென்று சிலர் சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். எரியும் பி.வி.சி.யிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவரும். ஈரமான கண்ணிலும் தொண்டையிலும் பட்டால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலமாகிவிடும்.

பி.வி.சி.யை ஒட்டும் பசை உண்மையில் பசையே அன்று, ஒரு கரைப்பான். அது இரு பரப்புகளையும் இளக்குகிறது. இரு பக்கச் சங்கிலிகளும் கலந்து பின்னிக்கொள்கின்றன. பிறகு கரைப்பான் ஆவியாகிவிட, இரண்டும் ஒரே துண்டாகிவிடுகின்றன. சாதாரண வெப்பத்தில் பாலித்தீன் எக்கரைப்பானிலும் எளிதில் கரையாது. ஆகவே அதைச் சூட்டால் உருக்கித்தான் இணைக்க வேண்டும்.

ஆவியாகும் அந்தக் கரைப்பானிடம் எச்சரிக்கை தேவை. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, எளிதில் தீப்பற்றும். தரைக்கடியிலுள்ள தொட்டிக்குள் இறங்கிக் குழாய் ஒட்டினால் ஆவி அங்கேயே தேங்கும். முதலில் தலை சுற்றும், பிறகு நினைவே தப்பும். ஒரு பீடி நெருப்பு போதும், தொட்டி முழுவதும் பற்றிக்கொள்ள. முடிந்தவரை மேலேயே ஒட்டி இறக்குவதுதான் புத்திசாலித்தனம்.

இன்னொன்று. மூட்டுகளைச் சோதிக்கக் காற்றடிக்கும் பம்ப்பைச் சிலர் மாட்டுவதுண்டு. நீரை அழுத்தினால் அதன் கன அளவு பெரும்பாலும் குறைவதில்லை. எனவே ஒரு விரிசல் விழுந்ததும் சிறிது நீர் பீறிட்டு, அழுத்தம் அடங்கிவிடும். காற்றோ சுருங்கிய வில் போன்றது. அது முழுவதும் விரியும்வரை ஓயாது. குழாய்ச் சில்லுகள் நாலாபுறமும் கத்திபோல் பாயும். ஆகவே குழாயில் நீரை நிரப்பி, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றிய பிறகே சோதிக்க வேண்டும்.

பக்கத்து வீட்டார் இப்போது சி.பி.வி.சி. போட்டிருக்கிறார்கள். பழைய வெள்ளைக் குழாயில் வளையாத பகுதியை வெட்டியெடுத்து, கிணற்றடியிலிருந்து வாழைக்கு மண்ணுக்கடியில் பதித்துவிட்டார்கள். அங்கே அது ஒழுங்காக வேலை செய்கிறது.